கோபுரச் சாரத்துக்குக் கீழே ஒரு கோடைச் சமையல்

நாமக்கல்லைத் தாண்டினால் எனக்கு எல்லாமே வெளிநாடுதான். அதிலும் தஞ்சாவூர்ப் பக்கம் கடல் தாண்டிய தேசம் மாதிரி. எங்கள் ஊரில் பாறை தெரியாமல் ஒரு போட்டோ எடுக்க முடியாது. அங்கே பஸ் ஒரு மணி நேரம் ஓடியும் ஒரு கல் கண்ணில் படவில்லை. நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டியைத்தான் எடுப்பார்கள் போலிருக்கிறது.

நான் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். பின்கதவில் தாமரை, பசுவும் கன்றும், முன்னால் திருஷ்டிக்கு ஓர் அரக்கன் முகம். இருபத்தேழு வருடமாக இதுதான். நான் வரைந்ததைப் பார்ப்பவர்கள் எல்லாம் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் ரசிக்கிற மனநிலையில் இருப்பதாகத் தெரியவில்லை. பட்டறையில் மதியச் சாப்பாட்டை முறை வைத்துச் சமைப்போம். என் படங்களைவிட என் ரசத்துக்குத்தான் அங்கே மதிப்பு.

என் தங்கை வீட்டுக்காரர் தனபால் தஞ்சாவூர்க்காரர். கோபுரங்களில் உள்ள சுதைப் பொம்மைகளைச் சரி செய்து வர்ணம் பூசும் வேலை. அவருடைய ஆட்களுக்கு என் தங்கைதான் சமைப்பாள். மகளின் பிரசவத்துக்கு அவள் போய்விட்டதால், நல்ல சித்திரை வெயிலில் எனக்குப் போன் வந்தது.

"மச்சான், ஒரு வாரம் வந்து எட்டுப் பேருக்குச் சோறு பொங்கிக் குடுங்க. சனிக்கெழம விடியச் சாரம் பிரிக்க ஆளு வந்துருவாங்க. அதுக்குள்ள முடிக்கணும். கடைச் சாப்பாடு யாருக்கும் ஒத்துக்கல."

அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். என் நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார். உண்மை என் பையில், லுங்கிக்கு அடியில், மூன்று பிரஷ்களாக இருந்தது. உள்ளங்கை அகலமாவது ஒரு கோபுரத்தில் வர்ணம் பூசிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. லாரி நாக்பூர் போய்விடும். கோபுரம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஜனங்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் ஐம்பத்திரண்டு வயதில் லாரிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன்?

திங்கட்கிழமை தஞ்சாவூரில் டவுன் பஸ் ஏறினேன். பாலத்துக்குப் பாலம் ஓர் ஆறு வந்தது. எங்கள் ஊர் வழியாக ஒற்றை ஆளாகப் போகிற காவிரி, இங்கே வந்து பிள்ளைகுட்டிகளோடு தனித்தனிக் குடும்பமாகிவிட்டது. ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் ஊரை விசாரித்தார்.

"நாமக்கல்லா? முட்டை வருமே, அந்த ஊரா?"

"ஆமாங்க."

"இந்த வெயிலுக்குக் கோழி தாங்குதா?"

எனக்கும் கோழிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "தாங்குதுங்க" என்றேன். அதன்பிறகு நான்கு கிலோமீட்டர் தூரம் நான் கோழிப்பண்ணை முதலாளியாக இருந்தேன். தீவன விலையெல்லாம்கூடச் சொன்னேன்.

இறங்க வேண்டிய ஊர் வந்தது. 'எறக்கம் இருக்கு' என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். தொண்டை வரை வந்தது. பஸ் கிளம்பிவிட்டது. இரண்டு நிறுத்தம் தள்ளி வேறு யாரோ இறங்கியபோது அவர் பின்னாலேயே இறங்கித் திரும்பி நடந்தேன். உளுந்து எடுத்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். முந்நூறு ஆடுகள் என்னைப் பார்த்தன. அவற்றுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஊர்க்கோயில் அம்மனுக்கு மூன்று நிலைக் கோபுரம். அடி முதல் நுனி வரை சவுக்குக் கம்பால் சாரம் கட்டியிருந்தார்கள். பக்கத்து மண்டபத்தில் எனக்கு அடுப்பும் பாத்திரங்களும். வந்த கையோடு என் திறமையைக் காட்டிவிட முடிவு செய்தேன். துவரம்பருப்பு சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல், உருளைக்கிழங்கு வறுவல், கட்டித் தயிர், அப்பளம். மரியாதைக்கு ஒரு வாய் அள்ளிவிட்டு எல்லாரும் இலையைப் பார்த்தார்கள்.

தனபால்தான் மெதுவாகச் சொன்னார். "ருசிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல மச்சான். இதத் தின்னுட்டு மேல ஏறுனா தூக்கம் வரும். மேல தூங்குனா கீழதான்."

"இது பந்திச் சாப்பாடுண்ணே," என்றார் சூசை. "நாங்க இன்னும் பொண்ணே பாக்கல."

சூசைக்கு என்னைவிட நான்கைந்து வயது குறைவு. வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர். மாதா கோயிலுக்கும் அம்மன் கோயிலுக்கும் ஒரே டப்பாவிலிருந்து நீலம் எடுக்கிறவர். வாய் மட்டும் எந்தக் கோயிலுக்கும் அடங்காது.

செவ்வாய்க்கிழமை முதல் அவர்கள் முறைக்கு நான் மாறினேன். காலை ஆறரைக்குப் பழைய சோறு. முதல் நாள் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்தது. மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டு, தொட்டுக்கொள்ள வெள்ளரிப்பிஞ்சும் மோர்மிளகாயும். பதினோரு மணிக்கு நீர்மோர். தயிர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. இஞ்சியை நசுக்க வேண்டும், பச்சை மிளகாயைக் கீறினால் போதும். நார்த்தை இலையைக் கையால் கிழித்துப் போட வேண்டும். கத்தி பட்டால் கசக்கிறது. ஆற்று மணலை நனைத்து அதில் பானையைப் புதைத்து வைத்தால் பிரிட்ஜே வேண்டாம். மோரை வாளியில் ஊற்றிக் கயிற்றில் கட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒருமுறை முடிச்சை நான் போட்டேன். கடைசி நிலையில் இருந்த சிங்கத்துக்கு அபிஷேகம் ஆயிற்று. அதற்குப்பின் முடிச்சுப் போடும் வேலையை அஞ்சலை எடுத்துக்கொண்டார்.

அஞ்சலைதான் சுண்ணாம்பு அரைத்துக் கொடுப்பவர். பொம்மைகளின் உடைந்த விரலையும் மூக்கையும் சிமெண்டில் செய்யக் கூடாதென்று தனபாலுக்குப் பிடிவாதம். பழைய முறைப்படி சுண்ணாம்புதான். கடுக்காயைத் தட்டி வெல்லத்தோடு தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்பைக் குழைப்பார்கள். இரும்பு மாதிரி இறுகும் என்றார் அஞ்சலை. "வெல்லம், கடுக்கா, எல்லாம் கலந்து கெடக்கு. ஒங்க அடுப்படிக்கும் எங்க அடுப்படிக்கும் நெருப்புத்தாங்க வித்தியாசம்" என்றார். எவ்வளவு உண்மை என்று எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது.

புதன்கிழமை மாங்காய்ப் பச்சடி. மாங்காயைக் குழைய வேகவிட்டு, வெல்லம் போட்டு, கடைசியில் வேப்பம்பூவை நெய்யில் வறுத்துத் தூவினேன். சூசை ஒரு கரண்டி பச்சடியை இலையில் வாங்கி அப்படியே வெளியே போனார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு முகம் செத்துவிட்டது. பார்த்தால், வர்ணப் பலகைக்குப் பக்கத்தில் இலையை வைத்துக்கொண்டு மஞ்சளில் துளி சிவப்பும் துளி பழுப்பும் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா அம்மனோட பொடவக் கரைக்கு நெறம் சிக்கலண்ணே. இந்தா, சட்டியிலயே இருக்கு."

அவர்களுக்கு நிறங்களின் பெயரே சாப்பாடுதான். பீர்க்கங்காய்ப் பச்சை. மோர்க்குழம்பு மஞ்சள். நாவப்பழ நீலம். நான் இருபத்தேழு வருடமாக டப்பாவில் எழுதியிருக்கிற நம்பரைப் பார்த்து அடிக்கிறவன். அன்றைக்குச் சாயங்காலம் ரசத்தைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ரசமாகத்தான் தெரிந்தது.

அன்றே இன்னொன்றும் நடந்தது. தீப்பெட்டி தேடிய சூசை என் பையில் பிரஷ்களைப் பார்த்துவிட்டார்.

"இது எதுக்குண்ணே?"

இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவறதுக்குங்க."

"அட! அப்ப நாளைக்குத் தோசையா?" என்று மேலே பார்த்துக் கத்தினார். "நாமக்கல் அண்ணன் பிரஷ்ஷால தோச சுடப்போறாரு!"

வியாழக்கிழமை காலை, அணில் முடியில் செய்த என் ஆறாம் நம்பர் பிரஷ்ஷால் நாற்பது தோசைக்கு எண்ணெய் தடவினேன். பன்னிரண்டாவது தோசையில் முடி கருகத் தொடங்கியது. உண்மையைச் சொல்வதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

மதியம் உளுந்தங்கஞ்சி. பக்கத்து வயலில் எடுத்த புது உளுந்து, தோலோடு. அதில் பாதி அளவு நொய், நாலு பல் பூண்டு, கொஞ்சம் வெந்தயம். எல்லாம் குழைந்ததும் தேங்காய்ப்பாலும் உப்பும். பிராகாரத்தில் கல் பதிக்க வந்திருந்த பீகார்க்காரர் ஒருவர் சட்டியை எட்டிப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். சூசைக்கு இந்தி வரும்.

"என்னங்க சொல்றாரு?"

"போஸ்டர் எங்க ஒட்டப் போறீங்கன்னு கேக்குறாரு."

அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்து இன்னொரு வரி சொன்னார். சூசை சொன்ன அர்த்தம்: "எங்க அம்மாகிட்ட சொல்லாதீங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அன்று சாயங்காலம் நடுநிலையில் இருந்த பொம்மைகளுக்குத் தனபால் கருவிழி எழுதிக் கண் திறந்தார். மேலே அவர் பிரஷ்ஷோடு. கீழே, தெருவில் ஜனங்கள் நின்று கும்பிடும் இடத்தில், சூசை.

"எறக்குங்க... இன்னும் ஒரு நூலு... வலது கண்ணு மட்டும்... ஆங், இப்ப பாக்குறா!"

நான் வரையும் லாரி அரக்கனுக்குக் கருவிழி நட்ட நடுவில் இருக்கும். எதிரே வருகிறவனை முறைத்தால் போதும். இங்கே விழியை இறக்கி வைக்கிறார்கள். ஏனென்று தனபால் இறங்கி வந்ததும் கேட்டேன். அந்த வாரத்தில் அவர்கள் வேலையைப் பற்றி நான் கேட்ட ஒரே கேள்வி அது.

"நேரா வெச்சா ஆகாயத்தப் பாக்கும் மச்சான். கும்புட வர்றவன் கீழல்ல நிக்கிறான்? மேல ஒக்காந்து வரைஞ்சாலும் கீழ நிக்கிறவன் கண்ணுலதான் வரையணும்."

அப்போதே அடுத்த கேள்வியையும் கேட்டிருக்கலாம். 'நாளைக்கு நானும் மேலே வரட்டுமா?' நாலே வார்த்தை. "காப்பி போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை. கடைசி நாள். அடி நிலையில் வரிசையாகப் பன்னிரண்டு பூதகணங்கள் தொப்பையோடு கோபுரத்தைத் தாங்கி நிற்கும். அதில் நான்கு மட்டும் பாக்கி. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். முடிந்துவிட்டால் என் ஆசையும் முடிந்தது. இருந்தாலும் எனக்கும் அன்று பெரிய வேலை இருந்தது. அம்மனுக்குப் பானகம் படைக்க வேண்டும். திருப்பணி நடப்பதால் அம்மனை ஒரு பலகையில் எழுதிப் பக்கத்தில் சின்னக் கொட்டகையில் வைத்துப் பூசை செய்தார்கள். படைத்தபின் எல்லாரும் குடிப்பார்கள்.

முதல் நாளே அஞ்சலையிடம், "கொஞ்சம் வெல்லம் கரைச்சு வெச்சுருங்க" என்று சொல்லியிருந்தேன். சொன்னதாக நினைத்தேன். நான் சொல்வது பாதி நேரம் எனக்கே கேட்காது. காலையில் மண்டபத்தின் மூலையில் ஒரு குண்டான் நிறைய, வடிகட்டிய வெல்லத் தண்ணீர் மூடி வைத்திருந்தது. மனதுக்குள் அஞ்சலையைப் புகழ்ந்துகொண்டு சுக்கு, ஏலக்காய், எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை உப்பு எல்லாம் சேர்த்தேன். ருசி பார்க்கவில்லை. சாமிக்குப் படைப்பதை யாராவது நாக்கில் வைப்பார்களா?

பூசை முடிந்து ஆளுக்கு ஒரு டம்ளர். அஞ்சலை சுண்ணாம்பு வாங்கப் போயிருந்ததால் அவருக்கு இல்லை. குடித்தவர்கள் முகம் ஒரு மாதிரி கோணியது. ஆனாலும் டம்ளரைக் காலி செய்தார்கள். சூசை மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணே, இன்னொண்ணு குடுங்க" என்றார். அதோடு குண்டான் காலி. ஊற்றிக் கொடுத்த எனக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஒன்றரை மணிக்குச் சூசை சாரத்திலிருந்து இறங்கினார். அப்படி இறங்கி நான் யாரையும் பார்த்ததில்லை. அவர் பின்னால் இன்னொருவர். பிறகு இரண்டு பேர் சேர்ந்தே. மண்டபத்தில் இருந்தது இரண்டு கக்கூஸ். மற்றவர்கள் வறண்டுகிடந்த வாய்க்காலை நோக்கி ஓடினார்கள். பூசாரி கொட்டகையைப் பூட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை மூலையில் நின்று கூவினார். "என் கடுக்காத் தண்ணிய யாருங்க எடுத்தா? டிரம்மு ஒழுவுதுன்னு கொண்டாந்து இங்க வெச்சனே!"

நான் காலிக் குண்டானைப் பார்த்தேன். தனபால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான்... கடுக்காயா குடுத்தீங்க?"

"ருசியிலயே தெரியலைங்களா மாப்ளே?"

"ஒங்க ஊருப் பானகம் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சோம். மனசு கஷ்டப்படுவீங்களேன்னு யாரும் சொல்லல."

அஞ்சலைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காலையில இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில கடுக்கான்னு சொல்லுவாங்க. இவரு சுக்கையும் கடுக்காயையும் ஒண்ணாக் குடுத்து ஒரு நாள் வேலையக் கொறச்சுட்டாரு!"

வயிற்றைப் பற்றிக் கவலை இல்லை, கஷாயம் வைத்தால் நின்றுவிடும். கவலையெல்லாம் மேலே இருந்த நான்கு பூதங்களைப் பற்றி. விடிந்தால் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அந்த ஆட்களுக்கு மறுநாளே வேறு ஊரில் வேலை. பூதங்கள் அரைகுறையாக நின்றால் ஊர் முழுக்கக் கும்பாபிஷேகத்தன்று அதைத்தான் பார்க்கும். தனபாலுக்கு இனி இந்தப் பக்கம் யாரும் கோபுரம் கொடுக்க மாட்டார்கள். அவர் முகத்தில் அது எழுதியிருந்தது.

"நான் பூசட்டுங்களா?" என்றேன். என் குரல்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.

தனபால் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லாரிக்கு அடிக்கிற மாதிரி பளபளன்னு அடிச்சிராதீங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினார்.

அடி நிலை என்பது இருபதடி உயரம்தான். அதை நான் ஏறிய நேரத்தில் மற்றவர்கள் நுனிக்குப் போய் வந்திருப்பார்கள். கையில் மிச்சம் இரண்டு பிரஷ். தோசை சுடாதவை. அடிவர்ணம் முன்பே பூசியிருந்தது. வேட்டிக் கரை, கழுத்து மணி, தொப்பைக்கு நிழல் எல்லாம் பாக்கி. முதல் பூதத்தின் இடுப்பில் கை பழக்கத்தில் ஒரு லாரித் தாமரை விழுந்துவிட்டது. கீழே இருந்து தனபால், "அழிங்க!" என்றார். அழித்தேன். இரண்டாவது பூதத்துக்கு நிழல் கூடிவிட்டது. நாவப்பழத்தை நினைத்துக்கொண்டு கொஞ்சம் நீலம் சேர்த்தேன், சரியாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

வயிறு இடம் கொடுத்தபோதெல்லாம் தனபால் மேலே வந்து ஒரு பூதத்துக்குக் கண் திறந்தார். மூன்று முடிந்தது. நான்காவதுக்கு வெள்ளை வைத்து நிமிர்ந்தவர் முகம் மாறியது.

"நீங்களே தொறந்துருங்க மச்சான். வெளிச்சம் போவுது. கீழ யாரையாவது நிறுத்திக் கேட்டு வைங்க."

போய்விட்டார். கீழே நின்று சொல்ல வேண்டிய சூசையோ இரண்டு டம்ளர்க்காரர். அன்று அவரை எதிர்பார்க்க முடியாது. அஞ்சலை கஷாயம் வைக்கப் போயிருந்தார். தெருவில் யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை விளக்குப் போட வரும் பெண்கள், புல்லுக்கட்டோடு ஒருவர், மொபெட்டில் ஒருவர். ஒருவரையும் எனக்குத் தெரியாது. குத்துமதிப்பாகக் கருவிழி வைத்தேன். சரியா என்று மேலே இருக்கிற எனக்குத் தெரிய வழியே இல்லை.

யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை ஒரு காகம் திரும்பிப் பார்த்தது. சூரியன் தென்னந்தோப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க! மொபெட்டு! நில்லுங்க!"

தெருவே நின்றுவிட்டது.

"யாரு, என்னையா?"

"உங்களத்தானுங்க! இந்தக் குண்டுப் பூதம் உங்களப் பாக்குதுங்களா?"

அவர் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்தார். "இல்லீங்களே. மாரியப்பன் வீட்டுத் தென்ன மரத்தப் பாக்குது."

ஒரு நூல் இறக்கினேன். "இப்பங்க?"

"இப்ப மாடிப்படிய."

"நல்லா எறக்குங்க!" என்றார் புல்லுக்கட்டுக்காரர். விளக்கோடு வந்த பெண்கள் நின்றார்கள். "இடது கண்ணு தூங்குது" என்றது ஒரு குரல். "பெயிண்ட்டுக்காரரே, ஒங்களப் போலவே அதுவும் பயப்படுதுங்க" என்றது இன்னொன்று. நான் கத்திக் கத்திக் கேட்டேன், அவர்கள் கத்திக் கத்திச் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வருடத்துப் பேச்சை அந்த அரை மணி நேரத்தில் பேசியிருப்பேன்.

"ஆங்! நிறுத்துங்க! என்னையப் பாக்குது!" என்றார் மொபெட்காரர்.

"ஒன்னைய ஏன் பாக்குது? என்னையத்தான் பாக்குது" என்றார் புல்லுக்கட்டு.

"ரெண்டு பேரும் தள்ளுங்க. எங்களத்தான் பாக்குது" என்றார்கள் விளக்குக்காரப் பெண்கள்.

பிரஷ்ஷை எடுத்துவிட்டேன்.

இறங்கி வந்தபோது தனபால் கும்பிடும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முகம் கோணியது. மண்டபத்தை நோக்கி வேகமாக நடந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் அவர் நின்ற இடத்தில் நானும் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். பூதம் என்னைத்தான் பார்த்தது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, எட்டுப் பேருக்கும் மோர்க்கஞ்சி வைக்கப் போனேன்.